செரீனாவுக்கு ஒரு கேம் பறிபோனது நியாயமா?

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் நண்பர் ஒருவர், டென்னிஸ் பயிற்சிக்குப் போகும் தம் மகளோடு உட்கார்ந்து 2018ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் பெண்கள் இறுதி ஆட்டத்தின் காணொளியைப் பார்த்திருக்கிறார். பார்த்து முடித்ததும் அவருக்கு எழுந்த கேள்விகளை எனக்கு எழுதி அனுப்பினார்: "நடுவர் கார்லோஸ் ராமோஸ் செய்தது சரியா? செரீனா வில்லியம்ஸின் இடத்தில் ஓர் ஆண் இருந்திருந்தால் விட்டிருப்பாரா? நாளைக்கு என் மகள் நியாயம் கேட்டுக் குரலை உயர்த்தினால் அவளுக்கும் இதே கதிதானா?" நான் மாவட்ட அளவிலான போட்டிகளில் நடுவராக இருந்து வருகிறவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். பதில் சற்று நீளமாகத்தான் இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதிப்புத்தகத்தின்படி ராமோஸ் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் விதிப்புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு நடுவர் யாரிடம் எவ்வளவு பொறுமை காட்டுகிறார் என்பதை எந்த விதியும் அளந்து கொடுக்கவில்லை. பாலினப் பாகுபாடு உள்ளே நுழைய வேண்டுமானால் அந்த வாசல் வழியாகத்தான் நுழையும். அது அன்றைக்கு நுழைந்தது என்று அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது; நுழையவே இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2018 செப்டம்பர் 8 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் இருபது வயது நவோமி ஒசாகா முதல் செட்டை 6-2 என்று எடுத்துவிட்டார் (பல புள்ளிகள் சேர்ந்தது ஒரு கேம், பல கேம்கள் சேர்ந்தது ஒரு செட்). இரண்டாவது செட்டின் தொடக்கத்தில், பார்வையாளர் பகுதியில் அமர்ந்திருந்த செரீனாவின் பயிற்சியாளர் பாட்ரிக் மௌரடோக்லூ கையால் சைகை காட்டியதைக் கண்ட ராமோஸ், ஆட்டத்தின் நடுவே பயிற்சி பெற்றதாகச் சொல்லி முதல் எச்சரிக்கையை விதித்தார். ஏமாற்றி ஜெயிப்பதைவிடத் தோற்பதே மேல் என்று செரீனா கொதித்தார். (சைகை காட்டியதை மௌரடோக்லூ பிறகு தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார், செரீனா அதைக் கவனித்திருக்க மாட்டார், எல்லாப் பயிற்சியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.) பிறகு 3-1 என்று முன்னிலையில் இருந்தவர் தான் சர்வீஸ் போட்ட கேமை இழந்த கோபத்தில் ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்தார். அது இரண்டாவது மீறல் என்பதால் ஒரு புள்ளி போனது. 3-4 என்று பின்தங்கி இடம் மாறும் இடைவேளையில் உட்கார்ந்திருந்தபோது, தன்னிடமிருந்து ஒரு புள்ளியைத் திருடிவிட்டதாகச் சொல்லி ராமோஸைத் திருடன் என்றார். அது மூன்றாவது மீறலாகி ஒரு கேம் முழுவதுமாகப் போனது. 3-5. அடுத்த கேமை செரீனா எடுத்தாலும், அதற்கடுத்த கேமோடு ஒசாகா 6-4 என்று ஆட்டத்தை முடித்தார்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு செயல் மீறலா, இல்லையா என்று தீர்மானிப்பது மட்டுமே நடுவரின் கையில் இருக்கிறது. மீறல் என்று அறிவித்த பிறகு, முதலாவதற்கு எச்சரிக்கை, இரண்டாவதற்குப் புள்ளி, மூன்றாவதற்குக் கேம் என்ற வரிசையை அவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. "ஒரு வார்த்தைக்காக ஒரு கேமா?" என்று அன்று அரங்கமே கூச்சலிட்டபோது, அந்த வார்த்தைக்கு முன்னால் இரண்டு படிகள் ஏறி முடிந்திருந்ததைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். 1990ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனில் மிக்கேல் பெர்ன்ஃபோர்ஸுக்கு எதிராக ஆடிய ஜான் மெக்கன்ரோவுக்கு மூன்றாவது படியில் ஆட்டமே போய்விட்டது. அந்த ஆண்டுதான் நான்கு படிகள் மூன்றாகக் குறைக்கப்பட்டிருந்தன. பழைய கணக்கிலேயே இன்னும் ஒரு படி பாக்கி இருப்பதாக நினைத்துக்கொண்டு அவர் நடுவரிடமும், போட்டி முழுவதற்கும் பொறுப்பான தலைமை அதிகாரியான ரெஃப்ரியிடமும் வாயைக் கொடுத்தார். 1990இன் அந்த மூன்று படி ஏணி 2018இல் நடைமுறையில் இருந்திருந்தால் இறுதி ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

ஆகவே கேள்வியைச் சரியான இடத்தில் கேட்க வேண்டும். மூன்று செயல்களும் மீறல்கள்தாமா? ராக்கெட்டை உடைத்ததில் விவாதத்துக்கே இடமில்லை. மற்ற இரண்டிலும்தான் நடுவரின் மனம் வேலை செய்கிறது. பயிற்சியாளரின் சைகையைப் பார்த்ததும் நேரடியாக எச்சரிக்கை விதிக்காமல், இடைவேளையில் வீராங்கனையிடம், "உங்கள் ஆளைக் கொஞ்சம் அடங்கியிருக்கச் சொல்லுங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போகும் நடுவர்கள் ஏராளம். வாய்த் தகராறிலும் அப்படித்தான்: "போதும், இத்தோடு நிறுத்துங்கள், அடுத்த வார்த்தை வந்தால் எழுத வேண்டியிருக்கும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்கள். இது எந்த விதியிலும் இல்லாத பழக்கம். ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். ராமோஸ் அந்தப் பழக்கத்துக்குப் பேர்போனவர் அல்லர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நடுவர் பணியை முட்டாள்தனம் என்று சொன்ன ஆண்டி மர்ரேமீது மீறல் பதிவு செய்தவர் அவர். 2017 பிரெஞ்சு ஓபனில் நேரம் கடத்தியதற்காக ரஃபேல் நடாலைத் தண்டித்து அவருடைய கோபத்துக்கு ஆளானவரும் அவரே. ஆண்களிடமும் கறாராக இருந்தவர் என்பதற்கு இவை சாட்சிகள். ஆனால் நடால் பொரிந்து தள்ளிய அந்த ஆட்டத்தில் ஒரு கேம் பறிபோகவில்லை என்று செரீனாவை ஆதரித்தவர்கள் சுட்டிக்காட்டியதும் பொய்யில்லை.

இறுதி ஆட்டம் வெடித்ததற்கு அதே போட்டியில் முன்னதாக நடந்த இரண்டு சம்பவங்களும் காரணம். இடைவேளை முடிந்து வந்த பிரான்சின் அலிஸே கோர்னே, மேலாடையைத் திருப்பிப் போட்டிருப்பதை உணர்ந்து, கோர்ட்டின் பின்பகுதியில் நின்றபடி சில நொடிகளில் கழற்றிச் சரியாக அணிந்துகொண்டார். அதற்கு மீறல் பதிவானது. ஆண்கள் கொளுத்தும் வெயிலில் மேலாடை இல்லாமல் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்த அதே வாரத்தில் இது நடந்தது. அமைப்பாளர்கள் மறுநாள் வருத்தம் தெரிவித்தார்கள். இன்னொரு கோர்ட்டில், ஆர்வமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த நிக் கிர்கியோஸிடம் பேச நடுவர் முகமது லஹ்யானி நாற்காலியிலிருந்தே இறங்கிப் போய், ஏறக்குறைய ஓர் அண்ணனைப் போல ஊக்கம் சொன்னார். அந்த ஆட்டத்தைக் கிர்கியோஸ் ஜெயித்தார். லஹ்யானி பின்னர் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டார். ஒரே வாரத்தில் ஓர் ஆணுக்கு நாற்காலியிலிருந்து இறங்கிவந்த அக்கறையையும், ஒரு பெண்ணுக்கு உடை மாற்றியதற்கு விழுந்த எச்சரிக்கையையும் பார்த்த கண்களோடுதான் ரசிகர்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். செரீனா "ஆண்கள் இதைவிட மோசமாகப் பேசுகிறார்கள்" என்றபோது அரங்கம் அவர் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

அப்படியானால் எண்ணிக்கை என்ன சொல்கிறது? ஆட்டம் முடிந்த சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1998 முதல் 2018 வரை கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் விதிக்கப்பட்ட அபராதங்களை வெளியிட்டது. ராக்கெட்டை உடைத்ததற்காக ஆண்களுக்கு 646 முறை, பெண்களுக்கு 99 முறை. ஆட்டத்தின் நடுவே பயிற்சி பெற்றதிலோ தலைகீழ்: ஆண்களுக்கு 87, பெண்களுக்கு 152. மொத்தத்தில் ஆண்களே ஏறக்குறைய மூன்று மடங்கு முறை தண்டம் கட்டியிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, பாகுபாடே கிடையாது" என்று முடித்தவர்கள் அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து. கிராண்ட்ஸ்லாம்களில் ஆண்கள் ஐந்து செட் ஆட்டம் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று செட். கோர்ட்டில் கழியும் நேரமே வேறு. அதைவிட முக்கியம், தண்டிக்கப்பட்டவை மட்டுமே பட்டியலில் வரும். கேட்டும் கேளாமலும் விடப்பட்ட வசவுகளுக்குக் கணக்கு எங்கே இருக்கிறது? அதே சமயம், பயிற்சி விஷயத்தில் பெண்கள் எண்ணிக்கை அதிகமாக இருப்பதற்கும் பாகுபாடு தவிர வேறு காரணம் இருக்கலாம்: பெண்கள் சுற்றுப்பயணப் போட்டிகளில் பயிற்சியாளரைக் கோர்ட்டுக்கே அழைத்துப் பேசும் அனுமதி பத்தாண்டுகளாக இருந்தது, கிராண்ட்ஸ்லாமில் இல்லை; பழகிய கை சும்மா இருக்காது.

முன்னாள் வீராங்கனைகளே இரண்டு பட்டார்கள். பெண் உணர்ச்சிவசப்பட்டால் ஒரு பெயர், ஆண் அதையே செய்தால் வேறொரு பெயர் என்று பில்லி ஜீன் கிங் செரீனாவை ஆதரித்தார். ஆண்கள் தப்பித்துக்கொள்வதைப் பெண்களும் செய்து தப்பிக்க வேண்டும் என்பது சரியான அளவுகோல் ஆகாது, யாருமே அப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று மார்ட்டினா நவ்ரதிலோவா எழுதினார். பெண்கள் சுற்றுப்பயணத்தை நடத்தும் டபிள்யூ.டி.ஏ. அமைப்பின் தலைவர் செரீனா பக்கம் நின்றார். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு ராமோஸ் பக்கம் நின்றது. செரீனாவுக்கு 17,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எனக்கு நவ்ரதிலோவா சொன்னதே ஏற்புடையதாகப் படுகிறது. ஆனால் ஆண்களைக் கட்டுப்படுத்த இந்த விளையாட்டு எவ்வளவு காலம் தயங்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாதம் முழுமை அடையும்.

அந்தத் தயக்கத்துக்கு உதாரணம் வேண்டுமானால் 2017 அமெரிக்க ஓபனைப் பாருங்கள். முதல் சுற்றில் தோற்ற இத்தாலியின் ஃபாபியோ ஃபோனினி, பெண் நடுவர் ஒருவரைத் தன் மொழியில் அச்சில் ஏற்ற முடியாத சொற்களால் திட்டினார். அவர் அந்த ஆட்டத்தை முழுவதுமாக ஆடி முடிக்க முடிந்தது. பேச்சு வெளியே பரவிய பிறகே இரட்டையர் போட்டியிலிருந்து நீக்கி, பின்னர் பெரிய தொகை அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட தடையும் விதித்தார்கள். 2022இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் அலெக்சாண்டர் ஸ்வெரெவ் இரட்டையர் ஆட்டம் முடிந்ததும் நடுவர் அமர்ந்திருந்த நாற்காலியை அவர் காலுக்கு அருகில் ராக்கெட்டால் மீண்டும் மீண்டும் அடித்தார். அந்தப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டு அபராதமும் கட்டினார். எட்டு வாரத் தடை நிறுத்திவைக்கப்பட்டதால் உடனே அடுத்த போட்டியில் ஆட முடிந்தது. மறுபுறம், 2020 அமெரிக்க ஓபனில் ஜோகோவிச் எரிச்சலில் பின்னால் தட்டிய பந்து கோட்டு நடுவர் பெண்ணின் தொண்டையில் பட்டதும், முதல்நிலை வீரர் என்றும் பாராமல் அங்கேயே வெளியேற்றினார்கள். பந்து ஆள்மீது படும்போது விதி தெளிவாக இருக்கிறது. வார்த்தை படும்போதுதான் தடுமாறுகிறது.

செரீனாவின் கோபத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருந்தது. 2004ஆம் ஆண்டு அதே அமெரிக்க ஓபனில் ஜெனிஃபர் கேப்ரியாட்டிக்கு எதிரான காலிறுதியில், கோட்டுக்குள் விழுந்த செரீனாவின் பந்தைக் கோட்டு நடுவர் சரியென்று விட்டும், நாற்காலியில் இருந்தவர் வெளியே என்று மாற்றினார். தொலைக்காட்சி பார்த்த உலகத்துக்கே அது தவறு என்று தெரிந்தது. பந்து விழுந்த இடத்தைக் கேமராக்களால் கணிக்கும் ஹாக்-ஐ தொழில்நுட்பம் 2006இல் அமெரிக்க ஓபனுக்கு வந்ததற்கு அந்த ஆட்டம் ஒரு முக்கியத் தூண்டுதல். 2009 அரையிறுதியில் கால் கோட்டைத் தொட்டதாக அறிவித்த கோட்டு நடுவரை அவர் மிரட்டியதை எந்த நியாயத்தாலும் மூட முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பினப் பெண்ணாக அவர் எதிர்கொண்டவையும் இதில் உண்டு: 2001இல் கலிஃபோர்னியாவின் இண்டியன் வெல்ஸ் அரங்கம் அவரை ஏளனக் கூச்சலிட்டது, அதன்பின் 2015 வரை அவர் அங்கே ஆடப் போகவில்லை.

என்னைக் கேட்டால், டென்னிஸில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தேடுபவர்கள் நடுவர் நாற்காலியை மட்டும் உற்றுப் பார்ப்பது வீண். அது வெட்டவெளிச்சமாக வேறு இடங்களில் இருந்தது. 1970இல் ஒரே போட்டியில் ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலரும் பெண்ணுக்கு 1,500 டாலரும் அறிவிக்கப்பட்டபோதுதான் கிங்கும் எட்டு வீராங்கனைகளும் தனியே பிரிந்து ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க ஓபன் 1973இலேயே சமப் பரிசு கொடுத்தது. விம்பிள்டன் அதற்கு 2007 வரை எடுத்துக்கொண்டது. 2016இல் இண்டியன் வெல்ஸ் போட்டியின் தலைமை நிர்வாகி ரேமண்ட் மூர், ஃபெடரரும் நடாலும் பிறந்ததற்காகப் பெண்கள் மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பேசிப் பதவியை இழந்தார். பிரெஞ்சு ஓபனில் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இரவு நேரச் சிறப்பு ஆட்டங்கள் அனைத்தும் ஆண்களுக்கே ஒதுக்கப்பட்டன. அந்தப் போட்டியின் இயக்குநர் அமேலி மொரெஸ்மோ ஒரு முன்னாள் பெண் முதல்நிலை வீராங்கனை என்பது கூடுதல் வேதனை. மாதவிடாய் நாட்களில் வெள்ளை உடைக்குள் அடர்நிற உள்ளாடை அணிய விம்பிள்டன் அனுமதித்தது 2023இல்தான். நம் நாட்டிலும், 2012 லண்டன் ஒலிம்பிக் இணைகளைத் தீர்மானித்தபோது, மனக்கசப்பில் இருந்த மூத்த வீரரைச் சமாதானப்படுத்தத் தன்னைத் தூண்டில் இரையாக வைத்துவிட்டார்கள் என்று சானியா மிர்சா வெளிப்படையாக அறிக்கை விட்டார். இவற்றில் எதற்கும் நடுவர் காரணம் இல்லை.

இனி உங்கள் மகளின் விஷயம். நம் ஊர் இளையோர் போட்டிகளில் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் நடுவர் கிடையாது. பிள்ளைகளே தங்கள் பக்கக் கோட்டுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று கோர்ட்டுகளுக்கு ஒருவர் நடந்து நடந்து பார்த்துக்கொள்கிறார். ஏப்ரல் மாதத்துச் சேலம் வெயிலில், தண்ணீர் தெளித்த செம்மண் அரை மணி நேரத்தில் காய்ந்து, பந்தின் தடம் சரியாகப் பதியாது. அப்படி ஒரு காலைவேளையில், ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்திருந்த ஒரு சிறுமி, எதிராளி "அவுட்" என்று அறிவித்த பந்துக்குத் தடத்தைக் காட்டும்படி கேட்டாள். வலையைத் தாண்டிப் போகவில்லை. தன் பக்கம் நின்றபடியே ராக்கெட் நுனியால் இடத்தைச் சுட்டிக்காட்டி, நடுவரைக் கூப்பிட்டாள். கேட்டது முழுக்க முறைப்படி. கம்பிவேலிக்கு வெளியே நின்ற பெரியவர் ஒருவர், "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாதும்மா" என்றார். பக்கத்துக் கோர்ட்டில் ஒரு பையன் ராக்கெட்டை வேலியை நோக்கி வீசியபோது அதே பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஆட்டத்துல வெறி இருக்கு பையனுக்கு" என்றார். தடம் கோட்டைத் தொட்டிருந்தது; புள்ளி அந்தச் சிறுமிக்குப் போனது. பையனுக்கு எச்சரிக்கை எழுதப்பட்டது, அவன் பயிற்சியாளர் என்னிடம் வந்து சண்டை பிடித்தார். நடுவர்களும் இந்த வேலிக்கு வெளியே வளர்ந்தவர்கள்தாமே. பெரிய போட்டிகளில் அந்தப் பழக்கம் நாகரிகமான உடையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது வாயை மூடிக்கொள்வதை அல்ல. எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். பந்து உள்ளேயா வெளியேயா என்பது நேரில் கண்டு சொல்லும் தீர்ப்பு. அதில் நடுவரின் சொல்லே முடிவு, அதற்கு மேல்முறையீடு கிடையாது. விதியையே நடுவர் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி ரெஃப்ரியை அழைக்கக் கேட்பது அவளுடைய உரிமை. அந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்டால் மீறல் ஆகாது. நடுவரின் நேர்மையைத் தொட்டால் ஆகும். செரீனா அன்று பயிற்சி எச்சரிக்கையைப் பற்றி நெடுநேரம் வாதாடியும் தப்பித்து, திருடன் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டது அந்தக் கோட்டைத் தாண்டியதால்.

காலமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. கோட்டு நடுவர்களுக்குப் பதிலாக விம்பிள்டனிலேயே 2025 முதல் மின்னணுத் தீர்ப்பு வந்துவிட்டது. அதுவும் முதல் ஆண்டிலேயே ரஷ்ய வீராங்கனை பாவ்லியுசென்கோவாவின் ஆட்டத்தில் யாரோ தவறுதலாக அணைத்துவைத்ததால் வெளியே விழுந்த பந்தைக் கவனிக்காமல் விட்டது. பார்வையாளர் பகுதியிலிருந்து பயிற்சியாளர் பேசுவதும் சைகை காட்டுவதும் சோதனை முறையில் அனுமதிக்கப்பட்டு, 2025 ஜனவரி முதல் டென்னிஸ் விதியிலேயே இடம்பெற்றுவிட்டது. 2018இல் முதல் எச்சரிக்கைக்குக் காரணமான அந்தச் செயல் இன்று குற்றமே இல்லை. ஆனால் ஒவ்வொரு நிலையிலும் அதை அனுமதிப்பதா என்று போட்டியை நடத்தும் அமைப்பு முடிவு செய்யலாம் என்பதால், அடுத்த முறை நீங்கள் வேலியோரம் நின்று "பேக்ஹேண்டுக்குப் போடும்மா" என்று குரல் கொடுப்பதற்கு முன், அந்தப் போட்டிக்கான விவரத்தாளை ரெஃப்ரியிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்; எச்சரிக்கை விழுந்தால் அது மகளின் பெயரில்தான் எழுதப்படும்.